நிறத்தைப் பார்க்காதையுங்கோ, வாயைப் பாருங்கோ

(எமது சங்கத்தின் மாதாந்த ஒன்றுகூடலில் ‘பொழுதுபோக்கும் பயனும்’ என்ற நிகழ்ச்சியில் அங்கத்தவர் ஒருவர் ஆற்றிய உரை. பலரும் கேட்டுக்கொண்டதற்கிணங்க இப்புத்தாண்டு மலரில் எழுத்து வடிவில் தருகின்றோம்.)

 

செயலாளர் அண்ணை போன கிழமை ரெலிபோனில் கூப்பிட்டு, “தம்பி, நீ வீட்டிலை கடல்மீன் வளர்க்கிறாய்தானே, அதைப் பற்றி ஒரு பத்து நிமிஷம் பேசு” என்றார். நான் ஏ.எல். வரைக்கும் படித்தவன். அதற்குப் பிறகு படிக்கிற காலம் வாய்க்கவில்லை. 2012 இல் படகில் வந்தேன். அன்றிலிருந்து தொழிற்சாலை வேலைதான். மேடையில் பேசிப் பழக்கமில்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கோ. ஆனால் இந்த மீன் விஷயத்தில் நான் பிழை விட்டுப் படித்தவன். அந்தப் பிழையை நீங்களும் விடக்கூடாது என்பதற்காகத்தான் இதில் நிற்கிறேன்.

நான் இன்றைக்குச் சொல்லப்போவது ‘டாங்’ என்ற மீனைப் பற்றி. ‘நீமோ’ படம் பார்க்காத பிள்ளை இந்த மண்டபத்தில் இராது. 2003 இல் வந்த படம். அதிலே மறதிக்காரியாக வருகிற நீல மீன் டோரி இருக்கிறதே, அது ஒரு டாங். ஆங்கிலத்தில் இந்த இனத்துக்கு இன்னொரு பெயர் ‘சேர்ஜன் பிஷ்’. அதாவது சத்திரவைத்தியர் மீன். ஏன் அந்தப் பெயர் என்றால், வால் தொடங்குகிற இடத்தில் இரண்டு பக்கமும் சத்திரசிகிச்சைக் கத்தி போல ஒரு கூரிய முள் இருக்கும். பெரும்பாலான இனங்களில் அந்தக் கத்தி உறைக்குள் மடிந்து கிடக்கும். கோபம் வந்தால் வாலை வளைத்து ஒரு வீச்சு. மற்ற மீனின் வயிறு கிழியும். எங்கட கை என்றாலும் கிழியும்.

எங்கட ஊர்ப்பக்கத்து ஆட்களுக்கு இன்னொரு விதமாகச் சொன்னால் விளங்கும். ஓரா மீன் தெரியும்தானே? சொதிக்கு விசேஷமான மீன். முள்ளுக் குத்தினால் இரவிரவாகக் கடுக்கும். இந்த டாங், ஓராவுக்குக் கிட்டின சொந்தம். ஓராவைப் போலவே கல்லில் படர்ந்த பாசியை நாள் முழுக்க மேய்கிற மீன். கடலுக்குள் ஆடு மாடு என்று வைத்துக்கொள்ளுங்கோ.

நான் விட்ட பிழை

நான் அப்போது பெண்டில் ஹில்லில் ஒரு யூனிற்றில் வாடகைக்கு இருந்தேன். கவுன்சில் கிளீன் அப் நாளில் தெருவோரத்தில் ஒரு நாலடித் தொட்டி கிடந்தது. கண்ணாடியில் கீறல் மட்டும்தான், ஒழுக்கு இல்லை. நானும் நண்பன் ஒருவனும் தூக்கிக்கொண்டு வந்தோம். உப்பு, பம்ப், ஹீட்டர், லைட் எல்லாம் ஒவ்வொரு சம்பளத்துக்கு ஒவ்வொன்றாக வாங்கினேன். அந்தளவுக்குப் பொறுமையாக இருந்தவன், மீன் வாங்குகிற நாளில் பொறுமையை விட்டுவிட்டேன்.

முதலில் ஒரு பிறவுண் டாங் வாங்கினேன். உள்ளங்கையளவு. நல்ல சாது போல இருந்தது. நாள் முழுக்கக் கல்லைக் கொறித்துக்கொண்டு திரிந்தது. இரண்டு மாதம் கழித்து, அதற்குத் துணை வேண்டும் என்று நினைத்து ஒரு செயில்பின் டாங் வாங்கினேன். செட்டையை விரித்தால் பாய்க்கப்பல் மாதிரி இருக்கும். கடையில் நின்ற பையனைக் கேட்டேன், இரண்டும் சேருமா என்று. “ஒரே ஜாடையான மீன்கள்தானே, சேரும்” என்றான். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. ஒரே ஜாடை என்றால் ஒற்றுமையாக இருக்கும்தானே!

மூன்றாம் நாள் நைற் ஷிப்ற் முடித்து விடிய ஆறரைக்கு வீட்டுக்கு வந்தேன். என்ர மகள் தொட்டிக்கு முன்னால் நின்றாள். புது மீன் ஹீட்டருக்குப் பின்னால் சரிந்து கிடந்தது. செட்டை கந்தல். வயிற்றுப் பக்கம் மூன்று வெட்டு. பிறவுண் டாங் ஒன்றும் நடக்காதது போலக் கல்லைக் கொறித்துக்கொண்டு நின்றது. மகள் என்னைக் கேட்டாள்: “அப்பா, அது ஏன் தன்ர ஆளையே வெட்டினது? நீமோ மீனை ஒண்டும் செய்யேல்லையே?”

உண்மைதான். அதே தொட்டியில் ஒரு சோடி நீமோ மீன்கள் நின்றன. அவற்றை அது திரும்பியும் பார்த்ததில்லை. நிறத்திலும் உருவத்திலும் தனக்குச் சம்பந்தமே இல்லாத மீனோடு சமாதானம். தன்னைப் போல இருந்த மீனோடு கொலைவெறி. எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நித்திரை கொள்ளாமல் இருந்து அந்தப் பதிலைத் தேடத் தொடங்கினேன். கிடைத்த பதிலைத்தான் இப்போது சொல்லப்போகிறேன்.

சண்டை எதற்கு?

சண்டை நிறத்துக்கு இல்லை, சாப்பாட்டுக்கு. கடலில் பாசி படர்ந்த கல் என்பது எங்கட வயற்காணி மாதிரி. அதை மேய்கிற மீன், தன்ர துண்டுக் காணியைக் காவல் காக்கும். ஆனால் யாரிடமிருந்து காக்கும்? அந்தப் பாசியைத் தின்னக்கூடியவனிடமிருந்து. நீமோ மீன் அந்தப் பாசிக்குப் போட்டி இல்லை. அதனால் அதை விட்டுவிடும். தன்னைப் போல வாய் உள்ளவன், தன்னைப் போல மேய்பவன் வந்தால் விடாது. கடலில் என்றால் தோற்ற மீன் ஓடிப்போகும், கடல் பெரிது. நாலடிக் கண்ணாடிக்குள் எங்கே ஓடுவது? அதுதான் கொலையில் முடிகிறது.

இதைப் படித்தபோது எனக்கு வேறொரு வீடு ஞாபகம் வந்தது. நான் வந்த புதிதில் ஏழு பேர் ஒரு வீட்டில் இருந்தோம். ஒரே வயது, ஒரே கரை, இரண்டு பேர் ஒரே பள்ளிக்கூடம். ஒரு குசினி, ஒரு குளியலறை. சண்டை யாரோடு வந்தது? பக்கத்து வீட்டு வியட்நாம்காரரோடா? இல்லை. மேல் வீட்டு லெபனான்காரரோடா? இல்லை. எங்களுக்குள்ளேதான். அதுவும் எதற்கு? பிறிட்ஜில் இருந்த முட்டைக்கும், ஞாயிற்றுக்கிழமை ஓவர்ரைம் ஆருக்கு என்பதற்கும். அந்த ஏழு பேரும் இப்போது தனித்தனி வீட்டில் இருக்கிறோம். ஒருவருக்கொருவர் உயிர். கெட்டவன் என்று அங்கே ஒருவரும் இருக்கவில்லை. இடம்தான் காணாமல் இருந்தது.

சரி, மீனுக்கு வருவோம்.

வாய் ஆறு விதம்

டாங் குடும்பத்தில் 80க்கு மேற்பட்ட இனங்கள் உண்டு. அவற்றை ஆறு குழுவாகப் பிரித்திருக்கிறார்கள். கடைக்குப் போகமுதல் இந்தக் குழுக்களைத் தெரிந்துகொண்டால் போதும், பாதி வேலை முடிந்தது.

முதலாவது செப்ராசோமா. பிறவுண் டாங், மஞ்சள் டாங், செயில்பின் டாங் எல்லாம் இதற்குள் அடங்கும். உடம்பு தட்டு மாதிரி, செட்டை உயரம், வாய் நீண்டு குவிந்திருக்கும். கல் இடுக்குக்குள் வாயை விட்டு நூல் போன்ற பாசியைப் பிடுங்கும். நான் வாங்கிய இரண்டும் இந்த ஒரே குழு என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது.

இரண்டாவது அகாந்துரஸ். பெரிய குழு. உடம்பு முட்டை வடிவம். கல்லின் மேற்பரப்பை மேயும். எங்கட இந்து சமுத்திரத்து அழகி ‘பவுடர் புளூ’ இதற்குள்தான். நீல உடம்பு, கறுப்பு முகம், மஞ்சள் முதுகுச் செட்டை. இலங்கைக் கடலிலும் மாலைதீவிலும் உண்டு. ஆனால் அழகுக்கேற்ற குணமில்லை. சண்டைக்காரி, நோயும் கெதியாகப் பிடிக்கும். வரி வரியாக இருக்கிற ‘கிளவுன் டாங்’, செங்கடலின் ‘சோஹல் டாங்’ இரண்டும் இன்னும் மோசம். ஒரு அடிக்கு மேல் வளர்ந்து தொட்டி முழுவதையும் தன்ர காணி என்று சொல்லும். வீட்டுத் தொட்டிக்கு அவை வேண்டாம்.

மூன்றாவது டீனோக்கீற்றஸ். ‘கோலே டாங்’, ‘ரொமினி டாங்’ என்பவை இதில் சேரும். இவற்றின் பல், சீப்பு மாதிரி, மெல்லிய மயிர் போல இருக்கும். பாசியைக் கடித்துப் பிடுங்காது. கல்லிலும் கண்ணாடியிலும் படிகிற மெல்லிய படலத்தைக் கூட்டி அள்ளும். கண்ணாடியில் முத்தம் வைத்த மாதிரி அடையாளம் விடும். சிறிய மீன், சாதுவானது. ரொமினி 15, 16 சென்ரிமீற்றருக்கு மேல் வளராது.

நாலாவது பராகாந்துரஸ். இதில் ஒரேயொரு இனம்தான், எங்கட டோரி. கடையில் ‘ரீகல் டாங்’ அல்லது ‘புளூ டாங்’ என்று எழுதியிருப்பார்கள். இது பெரும்பாலும் தண்ணீரில் மிதந்து வருகிற நுண்ணுயிர்களைப் பிடித்துத் தின்னும், பாசியும் தின்னும். அதனால் மற்ற டாங்குகளோடு போட்டி குறைவு. ஆனால் 30 சென்ரிமீற்றர் வரை வளரும். கடையில் பெருவிரல் அளவில் இருக்கிறதே என்று ஏமாறக்கூடாது. இன்னொன்று, பயந்தால் சரிந்து படுத்துச் செத்தது மாதிரி நடிக்கும். அதைக் கண்டு அழுது குளறாதையுங்கோ, கொஞ்ச நேரம் விடுங்கோ, எழும்பும்.

ஐந்தாவது நாசோ. சிலவற்றுக்கு நெற்றியில் கொம்பு இருக்கும். 45 சென்ரிமீற்றர், 60 சென்ரிமீற்றர் என்று வளர்கிற மீன்கள். நீந்துவதற்கு நெடுந்தூரம் வேண்டும். எங்கட வரவேற்பறைக்கு ஏற்றதல்ல.

ஆறாவது பிரயோனூரஸ். வாலடியில் ஒன்றல்ல, வரிசையாகப் பல கத்திகள். இதில் ஒரு இனம் எங்கட சிட்னிக் கரையிலேயே கூட்டமாகத் திரிகிறது. கடலில் பார்த்து ரசிக்க மட்டும்.

இப்போது விதி சுலபம். ஒவ்வொரு குழுவிலும் ஒன்று. ஒரே குழுவில் இரண்டு வேண்டாம். அதாவது ஒரே வாய் இரண்டு வேண்டாம். மஞ்சள் மீனும் கபில மீனும் நிறத்தில் எவ்வளவு வித்தியாசம்! ஆனால் வாய் ஒன்று. அடிபடும். டோரியும் கோலேயும் வாய் வேறு. சேரும். நிறத்தைப் பார்த்து வாங்கினால் பிழை, வாயைப் பார்த்து வாங்கினால் சரி.

இதை மீறுகிறவர்களும் உண்டு. மிகப் பெரிய தொட்டியில், ஒரே அளவுக் குஞ்சுகளாக, எல்லாவற்றையும் ஒரே நாளில் விட்டால் சில வேளை சரிவரும். கையில் காசும் இடமும் உள்ளவர்களின் வேலை அது. எங்களைப் போன்றவர்களுக்கு விதிதான் நல்லது.

எவ்வளவு தொட்டி?

நாலடித் தொட்டி, 120 சென்ரிமீற்றர் நீளம், 50 அகலம், 50 உயரம் என்றால் 300 லீற்றர். அதற்கு ரொமினி அல்லது கோலே ஒன்றே ஒன்று. அவ்வளவுதான். மூன்று டாங் வேண்டும் என்றால் குறைந்தது ஆறடி. 180 நீளம், 60 அகலம், 60 உயரம், ஏறக்குறைய 650 லீற்றர். ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ. ஆகவே கண்ணாடி, கல் எல்லாம் சேர்த்தால் முக்கால் தொன்னைத் தாண்டும். மாடி யூனிற்றில் இருப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். வீட்டுக்காரரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கோ. ஒழுகிக் கீழ்வீட்டுக் கூரை நனைந்தால் பொண்ட் காசு மட்டுமல்ல, வீடே போகும்.

உப்புக் கணக்கும் சொல்லுறன். லீற்றருக்கு 35 கிராம். 650 லீற்றருக்கு ஏறக்குறைய 23 கிலோ. சமையல் உப்பு அல்ல, மீன்தொட்டிக்கென்று விற்கிற கடலுப்பு. குழாய்த் தண்ணீரில் கிருமி கொல்லும் மருந்து இருக்கும். வடிகட்டிய தண்ணீர்தான் நல்லது. வெப்பம் 25 பாகை. உப்பின் அடர்த்தி 1.025. கல்லையும் தண்ணீரையும் போட்டு, மீன் விடாமல் நாலு தொடக்கம் ஆறு கிழமை ஓடவிட வேண்டும். அப்போதுதான் மீன்கழிவில் வருகிற அமோனியாவைத் தின்கிற பற்றீரியா கல்லில் குடியேறும். அமோனியா பூச்சியம் என்று பரிசோதனையில் காட்டிய பிறகும், முதலில் விடவேண்டியது டாங் அல்ல. சின்ன, தாக்குப்பிடிக்கிற மீன் ஒன்றிரண்டு. டாங், தொட்டிக்குக் குறைந்தது ஆறு மாதமாவது ஆன பிறகு. அப்போதுதான் மேய்வதற்குப் பாசியும் இருக்கும்.

யாரை முதலில் விடுவது?

சாதுவை முதலில், சண்டியனைக் கடைசியில். முந்தி வந்தவனுக்குத்தான் காணி என்ற எண்ணம் வரும். சாது முந்தி வந்து நாலு இடம் பழகிக்கொண்டால், பிறகு வருகிற சண்டியன் புது ஆளாகக் கொஞ்சம் அடங்கி நடப்பான்.

இன்னும் சில கைவைத்தியங்கள்:

புது மீன் விடுகிற அன்று தொட்டிக்குள் கற்களை இடம் மாற்றி வையுங்கோ. பழைய மீனுக்குத் தன்ர எல்லை எது என்று தெரியாமல் போகும். எல்லாரும் புது ஆட்கள் ஆகிவிடுவார்கள்.

ஓட்டை போட்ட பிளாஸ்ரிக் பெட்டி ஒன்றைத் தொட்டிக்குள் தொங்கவிட்டு, புது மீனை நாலைந்து நாள் அதற்குள் வையுங்கோ. ஒன்றையொன்று பார்க்கலாம், வெட்ட முடியாது. பழைய மீன் பெட்டியை மோதுவதை நிறுத்திய பிறகு திறந்துவிடுங்கோ.

தொட்டியின் ஒரு பக்கத்தில் வெளியே முகம் பார்க்கிற கண்ணாடி ஒன்றைச் சாத்தி வையுங்கோ. சண்டியன் தன்ர நிழலோடு சண்டை பிடித்துக்கொண்டு நிற்பான். அந்த நேரம் புது மீன் மூச்சு விடும்.

சாப்பாட்டை ஒரே இடத்தில் போடாதையுங்கோ. சுஷி சுற்றுகிற கடற்பாசித் தாள், நோரி என்பார்கள், ஆசியக் கடைகளில் கிடைக்கும். உப்பும் எண்ணெயும் சேர்க்காததாகப் பார்த்து வாங்கி, தொட்டியின் இரண்டு தொங்கலிலும் கிளிப்பில் மாட்டி விடுங்கோ. நாளாந்தம் கொடுக்க வேண்டும். வயிறு நிரம்பினால் பாதிச் சண்டை தானாக ஓயும். இது மனிதருக்கும் பொருந்தும்.

வலையால் டாங்கைப் பிடிக்காதையுங்கோ. வாலடிக் கத்தி வலையில் சிக்கிக் காயப்படும். பிளாஸ்ரிக் கோப்பையால் கோலிப் பிடிப்பதுதான் முறை. கையால் தொடவே கூடாது.

நோய்

டாங்குக்குப் பெரிய எதிரி வெள்ளைப்புள்ளி நோய். உடம்பில் உப்புத் தூவின மாதிரி இருக்கும். ஒரு நுண்ணிய ஒட்டுண்ணி. மீனில் சில நாள் இருந்து கீழே விழுந்து, மணலிலும் கல்லிலும் கூடு கட்டிப் பெருகி, திரும்பவும் மீனைத் தேடி வரும். புள்ளி மறைந்துவிட்டதே என்று நாங்கள் சந்தோஷப்படுகிற நேரம்தான் அது கீழே பெருகிக்கொண்டிருக்கும். செம்பு மருந்து கொடுத்தால் சாகும். ஆனால் அந்த மருந்து இறால், நத்தை, பவளம் எல்லாவற்றையும் கொல்லும். ஆகவே வேறு தொட்டியில் வைத்துத்தான் கொடுக்க வேண்டும். மருந்தின் அளவைப் பரிசோதித்துப் பார்த்தே கொடுக்க வேண்டும், கண்மதிப்புக் கூடாது. பெரிய தொட்டியை மீன் இல்லாமல் இரண்டரை மாதம் விட்டால், இடம் இல்லாமல் ஒட்டுண்ணி அழியும்.

இதற்கெல்லாம் இடம் வைக்காமல் இருப்பதற்கு வழி, வாங்குகிற ஒவ்வொரு மீனையும் நாலு தொடக்கம் ஆறு கிழமை ஒரு சின்னத் தொட்டியில் தனியே வைத்துப் பார்ப்பது. “தடுப்பு முகாமோ?” என்று என்ர நண்பன் பகிடி விட்டான். நானும் சிரித்தேன், பிறகு இருவரும் சிரிக்கவில்லை. ஆனால் ஒன்று சொல்லுறன், என்ர தனித்தொட்டியில் ஒளிந்துகொள்ளக் குழாய்த்துண்டு உண்டு, நல்ல சாப்பாடு உண்டு, என்றைக்கு வெளியே போகும் என்ற திகதியும் கண்ணாடியில் எழுதி ஒட்டியிருக்கும்.

எங்கிருந்து வருகிற மீன்?

கடையில் மீன் வாங்கும்போது அது எங்கே பிடித்தது என்று கேளுங்கோ. பெரும்பாலான டாங்குகள் இன்றைக்கும் கடலில் பிடித்தவைதான். சில நாடுகளில் சயனைட் நஞ்சு தெளித்து மயக்கிப் பிடிக்கிறார்கள். அப்படிப் பிடித்த மீன் கடையில் நன்றாக நீந்தும், வீட்டுக்கு வந்து சில கிழமையில் சாகும். பவளமும் அழிகிறது. எங்கட குயின்ஸ்லாந்தில் அனுமதிப்பத்திரம் உள்ளவர்கள் கைவலையால் பிடிக்கிற மீன்கள் கடைகளுக்கு வருகின்றன. விலை கொஞ்சம் கூட என்றாலும் அது நல்லது.

மஞ்சள் டாங்கின் கதை வேறு. அது பெரும்பாலும் ஹவாய்த் தீவுகளில் இருந்து வந்த மீன். அங்கே 2017 இல் உயர் நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பைத் தொடர்ந்து மீன்பிடிப்புக்குத் தடைகள் வந்தன. விலை ஏறியது. ஆனால் அதற்கு முன்னரே, 2015 இல், ஹவாயில் ஆராய்ச்சியாளர்கள் மஞ்சள் டாங்கை முட்டையிலிருந்து தொட்டியிலேயே வளர்த்துக் காட்டினார்கள். அடுத்த வருடம் புளோரிடாப் பல்கலைக்கழகத்தில் டோரியையும் அப்படி வளர்த்தார்கள். பல வருட முயற்சி. இந்தக் குஞ்சுகள் கண்ணாடி போல உடம்போடு பல கிழமை நடுக்கடலில் மிதந்து திரிகிறவை. அந்தப் பருவத்தில் அவற்றுக்கு என்ன தின்னக் கொடுப்பது என்று கண்டுபிடிப்பதுதான் கஷ்டமாக இருந்தது. தொட்டியில் பிறந்த மீன் கிடைத்தால் அதையே வாங்குங்கோ.

என்ர தொட்டியின் கதை முடிவு

அந்த முதல் மீன் செத்த பிறகு வீட்டில் எல்லாரும் பிறவுண் டாங்கை ‘கொலைகாரன்’ என்றுதான் கூப்பிட்டோம். மனைவி சொன்னா, “உதைக் கடையிலை திருப்பிக் குடுங்கோ, பாக்கவே ஏலாமல் கிடக்கு” என்று. எனக்கும் அந்த எண்ணம் இருந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால், ஒரே வாய் உள்ள இரண்டு பேரை ஒரு நாலடிக்குள் பூட்டினது அது இல்லையே, நான்தானே. அதைத் திருப்பிக் கொடுத்தால் பிழை என்னோடுதான் நிற்கும்.

கீழ்வீடு ஒன்றுக்கு மாறியபோது, சீமெந்துத் தளம் இருந்தபடியால், பழைய ஆறடித் தொட்டி ஒன்று வாங்கினேன். எட்டு மாதம் எடுத்தது. முதலில் கோலே டாங் விட்டேன். பிறகு ஒரு ஓரா. ஓம், எங்கட ஓராவேதான், மஞ்சள் நிறத்தில், ‘பொக்ஸ்பேஸ்’ என்ற பெயரில் கடையில் இருந்தது. டாங்குகளோடு சேர்ந்து போகிற சாது. மனைவி வந்து பார்த்துவிட்டு, “இதுக்கு இவ்வளவு காசோ? இந்தக் காசுக்கு ஒரு மாசம் சொதி வைக்கலாமே” என்றா. மூன்றாவதாக மகளுக்குக் கொடுத்த வாக்குப்படி ஒரு சின்ன டோரி. கடைசியாகத்தான் கொலைகாரனை மாற்றினேன்.

ஆறு நாள் ஓட்டைப் பெட்டிக்குள் வைத்தேன். கதவைத் திறந்த அன்று நான் வேலைக்கு லீவு போட்டுவிட்டுத் தொட்டிக்கு முன்னால் கதிரை போட்டு இருந்தேன். வந்தான். ஒரு மூலையில் நின்றான். ஓராவுக்குக் கிட்டப் போனான், அது முள்ளை விரித்தது, திரும்பினான். கோலேயை இரண்டு தரம் துரத்தினான். பிறகு கற்குவியலின் ஒரு தொங்கலுக்குப் போய் இடுக்குக்குள் வாயை விட்டுக் கொறிக்கத் தொடங்கினான். மற்ற மூன்றுக்கும் அந்த இடுக்கில் வேலை இல்லை. அவ்வளவுதான். இரண்டு வருடத்துக்கு மேலாகிறது, ஒரு கீறல் இல்லை.

அன்றைக்குத்தான் மகளின் கேள்விக்குப் பதில் சொன்னேன். “அது கெட்ட மீன் இல்லையம்மா. தன்ர சாப்பாடு போயிடும் எண்டு பயந்து போச்சு. போறதுக்கும் இடம் இருக்கேல்லை.” அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, “அப்ப அதுக்குப் பேரை மாத்துவம்” என்றாள். இப்போது அதன் பெயர் தம்பி.

கடைசியாக ஒன்று. தொட்டி வைக்க வசதியில்லை, வாடகை வீடு, விசா இன்னும் முடிவாகவில்லை, அடுத்த வருஷம் எங்கே இருப்போம் என்று தெரியாது என்கிறவர்கள் இந்தச் சபையிலும் இருக்கிறீர்கள். எனக்கு 2023க்குப் பிறகுதான் அந்தக் கவலை தீர்ந்தது. என்னோடு வந்தவர்களில் சிலருக்கு இன்னும் தீரவில்லை. அவர்களுக்கு நான் சொல்லுறது, கோடைகாலத்தில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மான்லிக்குப் போங்கோ. அங்கே ஷெலி பீச் பக்கம் கபேஜ் ட்ரீ பே என்று 2002 இல் இருந்து பாதுகாக்கப்பட்ட குடா. மீன் பிடிக்கக் கூடாது, பார்க்கலாம். காசு இல்லை. முகக்கண்ணாடி ஒன்றிருந்தால் போதும்.

நீமோ படத்தில் ஆமைகள் ஒரு நீரோட்டத்தில் ஏறிச் சிட்னிக்கு வருகின்றனவே, அந்த நீரோட்டம் உண்மையாகவே உண்டு. கிழக்கு அவுஸ்திரேலிய நீரோட்டம். ஒவ்வொரு கோடையிலும் வடக்கே பவளப்பாறைகளில் பிறந்த குஞ்சுகளை அது அள்ளிக்கொண்டு வந்து சிட்னிக் கரையில் விடுகிறது. அவற்றில் டாங் குஞ்சுகளும் உண்டு. ஒரு டொலர் குத்தியளவு, வெள்ளை உடம்பில் கறுப்பு வரி. ‘கொன்விக்ற் டாங்’ என்று பெயர், கைதி உடுப்புப் போட்ட மாதிரி இருப்பதால். எங்கட இலங்கைக் கடலிலும் அதே இனம் உண்டு. குளிர்காலத்தில் தண்ணீர் 17, 18 பாகைக்கு இறங்கும்போது பெரும்பாலான குஞ்சுகள் தாங்காமல் சாகும். கடல் சூடாகி வருவதால் சில குளிரைத் தாண்டிப் பிழைக்கின்றன என்று சிட்னித் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பல வருடமாக ஆராய்ந்து வருகிறார்கள்.

இந்த வரி மீன் தனியாக நின்றால் காணி காக்கிற பெரிய டாங் அதை மேயவிடாது, துரத்திவிடும். ஆகவே பெரிய பாறைகளில் அவை கூட்டமாக வரும். நூறு வந்தால் காவல்காரன் யாரைத் துரத்துவான்? மேய்ந்து வயிற்றை நிரப்பிக்கொண்டு அடுத்த கல்லுக்குப் போகும். போன கோடையில் மகளும் நானும் போனபோது ஐந்து குஞ்சுகள் ஒரு கல்லைச் சுற்றி மேய்ந்துகொண்டு நின்றன. மகள் தண்ணீருக்குள்ளேயே விரலை மடக்கி எண்ணிக் காட்டினாள்.

நேரத்தைக் கூட எடுத்துவிட்டேன், செயலாளர் அண்ணை மணியைப் பார்க்கிறார். தொட்டி வைக்க விரும்புகிறவர்கள் சனிக்கிழமை பின்னேரம் வீட்டுக்கு வாருங்கோ. தம்பியையும் பார்க்கலாம், தேத்தண்ணியும் குடிக்கலாம். வாங்கமுதல் வாருங்கோ, வாங்கின பிறகு வராதையுங்கோ.

 எல்லாருக்கும் இடமும் சாப்பாடும் நிறைந்த புத்தாண்டாக அமைய என் மனமார்ந்த வாழ்த்துக்கள். வணக்கம்.